அங்கோர் போரேய் படகுத்துறையில் கோவர்த்தன கிருஷ்ணர் சிலையின் நகலை நிறுவக் கோரி மனு

பெறுநர்:
மாண்புமிகு மாகாண ஆளுநர் அவர்கள்,
தாக்கியோ மாகாணம், கம்போடியா.

அனுப்புநர்:
புனோம் பென்னில் தங்கி, தமிழ்ப் பயணிகளுக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்துவரும் மனுதாரர்.

பொருள்: புனோம் தா குகையில் இருந்த கோவர்த்தன கிருஷ்ணர் சிலைக்கு, அங்கோர் போரேய் ஆற்றங்கரையில் கல்லால் ஆன நகல் ஒன்று வைக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாக்கியோ நகரிலிருந்து கால்வாய் வழியே படகில் அங்கோர் போரேய்க்கும், அங்கிருந்து புனோம் தா குன்றுக்கும் பயணிகளை அழைத்துப் போவது என் தொழில். மழைக்காலத்தில் வயல்கள் எல்லாம் வெள்ளத்தில் முழுகி, குன்று தீவாக நிற்கும். அந்த நேரத்தில் படகைத் தவிர வேறு வழி இல்லை. வருகிறவர்கள் ஆசையாகப் படியேறுகிறார்கள். குகைக்குள் எட்டிப் பார்த்தால் வெறும் பாறைச் சுவர். "சிலை எங்கே?" என்று கேட்காதவர்கள் இல்லை. ஒருமுறை எங்கள் படகோட்டி தன் கைப்பேசியில் அருங்காட்சியகப் படம் ஒன்றை எடுத்து, குகை வாசலில் உயர்த்திக் காட்டி, "இவர்தான் இங்கே இருந்தார்" என்றார். அந்தப் படத்தைப் பார்ப்பதற்குத்தான் அத்தனை பேரும் முண்டியடித்தார்கள்.

இந்தக் குன்றின் தெய்வங்கள் இப்போது பல ஊர்களில் இருக்கின்றன. எட்டுக் கைகள் கொண்ட விஷ்ணுவும், அவருடன் இருந்த ராமரும் பலராமரும் புனோம் பென் தேசிய அருங்காட்சியகத்தில். பக்கத்திலுள்ள ஆசிரம் மகா ரோசேய் கோயிலின் ஹரிஹரர் பாரிஸில் உள்ள கிமே அருங்காட்சியகத்தில். மலையைத் தூக்கும் கிருஷ்ணர்கள் இருவரில் ஒருவர் புனோம் பென்னில், இன்னொருவர் அமெரிக்காவின் கிளீவ்லண்டில்.

அந்த இரண்டு கிருஷ்ணர்களும் பட்ட பாடு கொஞ்சமல்ல. உடைந்த துண்டுகள் பெல்ஜியம் வரை போய், பிரஸ்ஸல்ஸில் ஒரு மாளிகையின் தோட்டத்தில் மண்ணுக்கடியில் கிடந்தன. 1970-களில் தோண்டி எடுக்கப்பட்டு கிளீவ்லண்டுக்குப் போயின. எந்தத் துண்டு எந்தச் சிலைக்கு உரியது என்பதில் நெடுங்காலம் குழப்பம். முப்பரிமாண அளவீடுகளின் உதவியோடு பொருத்திப் பார்த்த பிறகு, புனோம் பென் சிலைக்கு உரிய துண்டுகள் கம்போடியாவுக்குத் திரும்பி வந்து, உரிய இடத்தில் சேர்க்கப்பட்டன. சிலை தன் உடலை மீட்டுக்கொண்டது. அது நின்ற ஊர் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

மூலச் சிலையைத் திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. 1400 ஆண்டுப் பழமையான மணற்கல்லை வெயிலிலும் வெள்ளத்திலும் நிறுத்த யாரும் கேட்கக் கூடாது. நான் வேண்டுவது ஒரு நகல். ஆனால் அது சிமென்ட்டில் வார்த்து வண்ணம் பூசியதாக இருக்கக் கூடாது. உங்கள் நாட்டில் உளி பிடிக்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை. பந்தேய் மீன்ச்சேய் மாகாணத்தின் சூப் கிராமத்தில் சாலையோரமெங்கும் மணற்கல் சிற்பிகள் வேலை செய்கிறார்கள். அருங்காட்சியகங்கள் எடுத்த முப்பரிமாண அளவுகளைக் கேட்டு வாங்கினால், முழு உயரத்தில், முகத்தின் அந்த இளமையோடு அவர்களால் செதுக்க முடியும்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு கருத்து என் மனதில் ஆழமாகப் பதிந்தது. குகையின் பாறைக் கூரைக்குக் கீழே, இடக்கையை உயர்த்தி நின்ற கிருஷ்ணர், கோவர்த்தனத்தை மட்டுமல்ல, புனோம் தா குன்றையே தாங்குவதுபோல் வடிக்கப்பட்டிருக்கிறார். அதனால் நகலைப் படகுத்துறையில், பின்னால் குன்று தெரியும் திசை பார்த்து வைத்தால், வந்து இறங்குகிறவர் கண்ணுக்கு அந்தக் கரமும் குன்றும் ஒன்றாகத் தெரியும். பீடம் மட்டும் வெள்ளம் ஏறும் அளவுக்கு மேலே இருக்க வேண்டும். அந்த அளவு எது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

கம்போட் என்றால் டுரியன் பழச் சிலை, கெப் என்றால் நண்டு, பட்டாம்பாங் என்றால் பழங்கதையில் வரும், தடி ஏந்திய தா டம்பாங் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது. அங்கே நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் திரும்புவதில்லை. ஃபூனான் என்ற பழைய அரசின் காலத்துப் பெருநகரம், இன்றைய வியட்நாமில் உள்ள பழைய துறைமுகமான ஓக் ஏயோ வரை கால்வாய் வெட்டியிருந்த ஊர், கி.பி. 611 என ஆண்டு குறிக்கப்பட்ட மிகப் பழைய கெமர் கல்வெட்டு கிடைத்த மண், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் உள்ள இடம். இத்தனையும் உடைய அங்கோர் போரேய்க்கு ஆற்றங்கரையில் ஓர் அடையாளம் வேண்டாமா?

அறிவிப்புப் பலகையில் கெமர் மொழி முதலில் இருக்கட்டும். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் படிப்பதற்காகவே அது பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அப்புறம் ஆங்கிலம். சிலையின் கதையோடு, மூலம் எங்கே இருக்கிறது, துண்டுகள் எப்படித் திரும்பின என்பதையும் எழுதினால் நல்லது.

எனக்கு இதில் தனிப்பட்ட பாசமும் உண்டு. மாமல்லபுரத்தில் பல்லவர் செதுக்கிய கோவர்த்தனக் காட்சியைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே கிருஷ்ணரைச் சுற்றி மாடுகளும் ஆயர்களும் கூட்டமாக நிற்பார்கள். இங்கே அவர் தனியாக நின்று தாங்குகிறார். பழைய கெமர் எழுத்தும் பல்லவர் எழுத்தின் வழிவந்ததுதான். என்னோடு வரும் தமிழர்கள் இதைக் கேட்டதும் அந்தக் குகையை விட்டு இறங்க மனமில்லாமல் நிற்கிறார்கள்.

ஆகவே, கலாச்சார மற்றும் நுண்கலை அமைச்சகத்தோடும் தேசிய அருங்காட்சியகத்தோடும் கலந்து பேசி, இந்த நகலைச் செய்யவும் படகுத்துறையில் இடம் ஒதுக்கவும் ஆணையிடுமாறு தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சிலைக்கு முன்னால் கடை போட இடம் தருவதாக இருந்தால், அந்தத் துறையில் ஏற்கெனவே இளநீரும் பழமும் விற்றுப் பிழைக்கும் பெண்களுக்கே முதலில் தர வேண்டும். செலவில் ஒரு பங்கை எங்களைப் போன்ற பயண ஏற்பாட்டாளர்களிடம் கேட்டாலும் தர முன்வருவோம். என் பங்குக்கு நான் இப்போதே சம்மதம் தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
மனுதாரர், புனோம் பென்

நகல்: கலாச்சார மற்றும் நுண்கலை அமைச்சகம், புனோம் பென்