குனியும்போது அடங்காத முதுகு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இடுப்புவலியோடு வந்தவரின் முதுகில் எலெக்ட்ரோடு ஒட்டி, தசையின் மின்சிக்னலைப் பதிந்து (இதுதான் இஎம்ஜி) நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். நின்ற நிலையில் இடப்பக்கம் 14 மைக்ரோவோல்ட், வலப்பக்கம் 8. இடப்பக்கத்துக்குச் சிவப்பு அடித்து, ‘தசை இறுக்கம்’ என்று மெஷினே தீர்ப்பும் எழுதிவிட்டது. அந்தப் பக்கத்தைத் தளர்த்தும் சிகிச்சையை ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இப்போது வேண்டாம்மா.

அந்த வித்தியாசம் தசையிலிருந்துதான் வந்தது என்பதற்கு உன்னிடம் இன்னும் ஆதாரம் இல்லை. ஒரு பக்கத் தோலைச் சரியாகத் துடைக்காமல் விட்டால் இப்படி வரும். எலெக்ட்ரோடு ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போனால் வரும். அவர் ஒரு காலில் கொஞ்சம் அதிகமாக ஊன்றி நின்றிருந்தாலே வரும். வலியே இல்லாதவர்களுக்கும் இடமும் வலமும் ஒன்றாக இருப்பதில்லை. தோலுக்கடியில் கொழுப்பு தடித்திருந்தால் சிக்னல் சிறுத்துவிடும் என்பதால், மைக்ரோவோல்ட் கணக்கில் ஒரு ஆளை இன்னொரு ஆளோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

மெஷின் விற்பவர்கள் என்ன சொன்னாலும் சரி, இந்தப் பதிவு வலியை அளப்பதில்லை. வலிக்குக் காரணத்தையும் காட்டுவதில்லை. தோல்மேல் எடுக்கும் இஎம்ஜியை இடுப்புவலியை மதிப்பிடும் மருத்துவக் கருவியாக ஏற்க முடியாது என்று அமெரிக்க நரம்பியல் அகாடமி 2000-லேயே சொல்லிவிட்டது. நரம்பு வேர் நசுங்கியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் அதற்கு ஊசி இஎம்ஜி. அதை அதற்குப் பயிற்சி பெற்ற மருத்துவர் செய்யட்டும். நம் கையில் இருப்பது பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் தசை உழைக்க வேண்டிய நேரத்தில் உழைக்கிறதா, ஓய வேண்டிய நேரத்தில் ஓய்கிறதா? முதுகு விஷயத்தில் கேள்வியின் பின்பாதிதான் சிகிச்சைக்கு வழி காட்டுகிறது.

முதலில் ஒட்டும் வேலையைச் சரியாகச் செய். பேஷண்டைக் குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கடியில் ஒரு தலையணை கொடு. இடுப்பு லேசாக வளைந்திருக்க வேண்டும். நேராக இருக்கும்போது ஒட்டினால் அவர் குனியும்போது தோல் இழுபட்டு, எலெக்ட்ரோடின் ஓரம் தூக்கிக்கொள்ளும். இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேல்விளிம்புகளைத் தொட்டுக் குறுக்கே ஒரு கோடு நினைத்துக்கொள். அது ஏறத்தாழ எல்4-ஐ, அதாவது இடுப்புப் பகுதியின் நாலாவது முள்ளெலும்பைத் தொடும். விரலால் தடவிப் பார்க்கும்போது சிலருக்கு ஒரு எலும்பு மேலே காட்டும், அதனால் கீழிருந்தும் ஒருமுறை எண்ணிச் சரிபார். அங்கிருந்து மேலே எல்1 வரை போ. அதன் முனையிலிருந்து பக்கவாட்டில் இரண்டு விரல் அகலம் தள்ளினால், முதுகெலும்பின் ஓரமாக நீளவாக்கில் ஓடும் லாஞ்சிசிமஸ் தசை. தோல்மேல் இஎம்ஜி எடுப்பதற்காக ஐரோப்பாவில் வகுத்த செனியம் பரிந்துரை அந்த இடத்தைத்தான் சொல்கிறது. இரண்டு எலெக்ட்ரோடுகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 20 மில்லிமீட்டர், தசை ஓடும் போக்கிலேயே, மேலும் கீழுமாக. ஒப்பீட்டுக்கான ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடைக் கழுத்தடியில் துருத்தும் சி7 எலும்பின் மேல் வை.

கீழே எல்5 மட்டத்தில், நடுக்கோட்டிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி ஒட்டி, “மல்டிஃபிடஸ் பதிவு எடுத்தேன்” என்று பலரும் எழுதுவார்கள். மல்டிஃபிடஸ் முதுகெலும்பை ஒட்டி உள்ளே இருக்கும் தசை; அதன் ஆழமான இழைகள் தோல்மேல் எலெக்ட்ரோடுக்கு எட்டாது. பக்கத்துத் தசையின் சிக்னலும் கலந்தே வரும். ஆழத்தில் நடப்பது தெரிய மெல்லிய கம்பி எலெக்ட்ரோடை உள்ளே செலுத்த வேண்டும். அங்கே ஒட்டுவதில் தப்பில்லை. ‘மல்டிஃபிடஸ் பலவீனம்’ என்று மட்டும் ரிப்போர்ட்டில் எழுதாதே.

தோலைத் தயார் செய்வதில் அவசரப்படாதே. முடி இருந்தால் மழித்துவிடு. சொரசொரப்பான துணியால் லேசாகத் தேய்த்து, தோல் இளஞ்சிவப்பாவது தெரிந்ததும் நிறுத்து. ரத்தம் துளிர்க்கும் அளவுக்குப் போகக் கூடாது. பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து முழுவதும் காயவிடு. ஈரத்தின் மேல் ஒட்டினால் குனிந்த மாத்திரத்தில் கழன்றுவிடும். மெஷின் தோலின் மின்தடையைக் காட்டுமானால் 10 கிலோ ஓமுக்குக் கீழே வரட்டும், 5-க்குக் கீழே வந்தால் நல்லது. ஒட்டிய பிறகு ஜெல் படிய சில நிமிஷம் கொடு. கம்பிகளைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, பிளாஸ்டரால் முதுகோடு ஒட்டிவிடு. ஊசலாடும் கம்பி திரையில் அலை அலையாகத் தெரியும். அதைத் தசை என்று நினைத்தவர்கள் உண்டு.

பதிவை எடுத்ததும் வண்ணப் படத்துக்குப் போகாதே. பதப்படுத்தாத சிக்னலைத் திற. அவரைப் படுக்கவைத்துத் தசையை ஓயவிட்டு அந்தக் கோட்டையே பார். நொடிக்கு ஒன்று, ஒன்றேகால் என்று ஒரே சீராக முள் முள்ளாகத் தெரிந்தால் அது இதயம். உடம்பின் நடுப்பகுதித் தசை எதில் பதிவு எடுத்தாலும் இந்தத் தொல்லை உண்டு, இடப்பக்கத்தில் பெரும்பாலும் கூடுதலாக. நிற்கும்போது முதுகுத் தசையின் சொந்தச் சிக்னலே சில மைக்ரோவோல்ட்தான்; அதன்மேல் இதயத் துடிப்பு ஏறினால் சராசரி எங்கேயோ போய்விடும். உன்னுடைய 14-இல் தசை எவ்வளவு, இதயம் எவ்வளவு? ஃபில்டரின் கீழ் எல்லையை 20 ஹெர்ட்ஸிலிருந்து 30-க்கு ஏற்றி மறுபடி கணக்குப் போட்டுப் பார். இடப்பக்கம் மட்டும் சரேலென்று இறங்கினால் விடை கிடைத்துவிட்டது. மேல் எல்லை 450 ஹெர்ட்ஸ் போதும், சாம்பிள் வேகம் நொடிக்கு 1000-க்குக் குறையக் கூடாது.

கோடு ஒரே தடிமனில் பட்டையாக, மாறாமல் ஓடினால் கரண்ட் இரைச்சல். ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடு காய்ந்திருக்கும், அல்லது பக்கத்தில் சார்ஜர் இருக்கும். 50 ஹெர்ட்ஸை வெட்டும் நாட்ச் ஃபில்டரைப் போட்டு மறைக்காதே. தசையின் நிஜமான சக்தியும் அந்த இடத்தில்தான் நிறைய இருக்கிறது. காரணத்தைத் தேடி எடுத்துவிடு.

இனி பரிசோதனை. பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை மடக்காமல் நிற்கச் சொல். மூன்று நொடி சும்மா நிற்கட்டும். நான்கு நொடியில் மெதுவாகக் குனியட்டும். முழுக்கக் குனிந்து, கையையும் தலையையும் தொங்கவிட்டு நான்கு நொடி இருக்கட்டும். நான்கு நொடியில் நிமிரட்டும். மெட்ரோனோம் வைத்துக்கொள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வேகம் வரும். ஓரிரண்டு ஒத்திகைக்குப் பிறகு மூன்று முறை பதிவு செய். அதற்கு முன் முதுகுக்குக் கடினமான பயிற்சி எதுவும் கொடுக்காதே. களைப்பும் நீண்ட நேரக் குனிதலும் முடிவை மாற்றும்.

நல்ல முதுகில் என்ன தெரியும் என்று சொல்கிறேன். குனிய ஆரம்பித்ததும் சிக்னல் ஊதும். உடம்பின் பாரத்தைத் தசை பிடித்துப் பிடித்து இறக்குகிறது. குனிதலின் கடைசிக் கட்டத்தில் அது சட்டென்று அடங்கி, படுத்திருந்தபோது பார்த்த கோட்டைப் போல ஆகிவிடும். பாரம் அப்போது தசைநார், டிஸ்க், இன்னும் ஆழத்தில் இருக்கும் தசைகள் ஆகியவற்றின் மேல் போயிருக்கும். நிமிரும்போது முன்னைவிடப் பெரிதாக ஊதும். 1950-களில் ஃபிளாய்ட், சில்வர் இருவரும் இதை விரிவாகப் பதிவு செய்தார்கள். நாள்பட்ட இடுப்புவலி உள்ள பலருக்கு அந்த அடங்கும் கட்டம் வருவதில்லை. முழுக்கக் குனிந்து தொங்கும்போதும் தசை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும்.

இதை எண்ணாக்க, குனியும்போது வந்த உச்ச ஆர்.எம்.எஸ். மதிப்பை (சிக்னலின் அளவைச் சொல்லும் ஒருவகைச் சராசரி), தொங்கும் நிலையில் வந்த சராசரியால் வகு. 40-ஐ 4-ஆல் வகுத்தால் 10; 40-ஐ 25-ஆல் வகுத்தால் 1.6. ஒரே எலெக்ட்ரோடு, ஒரே தோல், ஒரே கொழுப்பு. அவற்றின் பாதிப்பு மேல் எண்ணிலும் கீழ் எண்ணிலும் ஒன்றாக இருப்பதால் வகுக்கும்போது அடிபட்டுப் போய்விடும். அதனால்தான் இந்த விகிதத்தை நம்புகிறேன், வெறும் மைக்ரோவோல்ட்டை நம்புவதில்லை. ஆனால் இரைச்சல் அடிபடாது. அது கீழே உள்ள சிறிய எண்ணைத்தான் வீங்க வைக்கும். இதற்குமேல் இருந்தால் நலம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட எல்லைக்கோடும் கிடையாது.

பெரிய தப்பு எங்கே நடக்கும் தெரியுமா? பேஷண்ட் பாதியில் நின்றுவிடுவார். பாதிக் குனிதலில் யாருடைய முதுகும் அடங்காது. ஆகவே டி12-இலும் (மார்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்பு) சேக்ரத்திலும் (இடுப்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பு) சாய்வை அளக்கும் இன்க்ளைனோமீட்டர் வைத்து இரண்டு கோணத்தையும் எழுது. மேல் கோணத்திலிருந்து கீழ்க் கோணத்தைக் கழித்தால் இடுப்பு முதுகு எவ்வளவு வளைந்தது என்பது வரும். மிச்சம் இடுப்பு மூட்டுடையது. கோணம் இல்லாத இஎம்ஜியைப் பாதிப் பதிவு என்றே வைத்துக்கொள்.

நன்றாக வளைகிறார், தசையும் அடங்குகிறது என்றால் ‘இறுக்கம் தளர்த்தும்’ சிகிச்சைக்கு அங்கே வேலை இல்லை. பலம், தாங்குதிறன், அன்றாட நடமாட்டம் பக்கம் போ. நன்றாக வளைகிறார் ஆனால் அடங்கவில்லை என்றால் பயோஃபீட்பேக், அதாவது தன் தசையின் சிக்னலைத் திரையில் பார்த்தே அதை அடக்கப் பழகும் பயிற்சி, பலன் தரக்கூடிய ஆள். வளையவே இல்லை என்றால் தசையைக் குற்றம் சொல்வதற்கு முன் எது தடுக்கிறது என்று பார்: விறைப்பா, வலியா, குனிந்தால் டிஸ்க் போய்விடும் என்ற பயமா? பயம் என்றால் பேச்சும் படிப்படியான குனிதலும்தான் முதல் மருந்து. வளைவு கூடிய பிறகு மறுபடி பதிவு எடு.

பயோஃபீட்பேக்கில் திரையை அவர் பார்க்கும்படி திருப்பி, அவர் இப்போது எட்டும் அளவுக்குச் சற்றுக் கீழே ஒரு கோடு போடு. முதலில் படுத்து, பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் சரிந்து, பிறகு மேஜையில் கையூன்றி, கடைசியில் நின்று முழுக்கக் குனிந்து. “ரிலாக்ஸ் பண்ணுங்க” என்று சொல்லாதே, அதைக் கேட்டதும் இன்னும் விறைப்பார்கள். மூச்சை விடச் சொல், தலையைத் தொங்கவிடச் சொல், வயிற்றை விட்டுவிடச் சொல். கோட்டுக்குக் கீழே சுலபமாக வந்துவிட்டால் கோட்டை இறக்கு. சில அமர்வுகள் போனதும் திரையை மூடிவிட்டுச் செய்யச் சொல்லி, முடிந்த பிறகு மட்டும் பதிவைக் காட்டு. இல்லாவிட்டால் மெஷின் முன்னால் மட்டும் அடங்கும் முதுகாகிவிடும். குனிகையில் வலி காலுக்கு இறங்கினால் அதோடு நிறுத்து. புதிதாக வலி வந்து சில நாளே ஆனவருக்கு இந்தப் பயிற்சியை ஒத்திவை.

தசைக் களைப்பைப் பற்றியும் கேட்டிருந்தாய். சோரென்சன் பரிசோதனையில், குப்புறப் படுத்து மேலுடம்பை அந்தரத்தில் நேராகப் பிடிக்கும்போது மீடியன் ஃப்ரீக்வென்ஸி (சிக்னலின் சக்தியை இரண்டு சமபாதியாகப் பிரிக்கும் அதிர்வெண்) இறங்கும் சரிவு களைப்பைக் காட்டும். ஆனால் வலி உள்ளவர் பயத்தில் சீக்கிரம் விட்டுவிடுவார். அவர் தாங்கிய நொடிகளைத் தசையின் கணக்கில் எழுதாதே. முழு பலத்தோடு முதுகை நிமிர்த்தச் சொல்லி அதை நூறு சதவீதமாக வைப்பதும் இவர்களிடம் பலிக்காது, யாரும் முழு பலம் போடமாட்டார்கள்.

சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறுதல், இரண்டு தொடைகளுக்கும் நடுவே, உட்காரும் இடத்தில் மரத்துப்போதல், காலில் பலம் குறைந்துகொண்டே போதல், காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவற்றைக் கேட்காமல் எலெக்ட்ரோடு பாக்கெட்டைப் பிரிக்காதே. இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் அனுப்பு. முதல் மூன்று என்றால் அன்றைக்கே.

அந்தப் பேஷண்டிடம் “இடப்பக்கம் இறுகியிருக்கிறது” என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாயா? சொல்லியிருந்தால் அடுத்த பதிவுக்கு முன்னால் அதைத் திருத்திச் சொல்லிவிடு; அந்தப் பயத்தோடு குனிந்தால் பதிவே மாறிப்போகும். மறுபடி எடுக்கும்போது எலெக்ட்ரோடு ஒட்டிய இடத்தை, சி7 தெரியும்படி, அளவு நாடாவோடு போட்டோ எடுத்துவை. எனக்கு ரிப்போர்ட் வேண்டாம். பதப்படுத்தாத பதிவையும் இரண்டு கோணங்களையும் படுத்த நிலையில் எடுத்த முப்பது நொடியையும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா