பொருள்: 1751 வூஸ்டர் என்று விற்ற பூச்சாடி 1900இல் செய்தது, பணத்தைத் திருப்பித் தரவும்

வணக்கம்.

'1751 வூஸ்டர் பீங்கான், தொழிற்சாலையின் முதல் வருஷத்துச் சரக்கு' என்று நீங்கள் போட்டிருந்த பூச்சாடியை ரூ. 1,40,000 கொடுத்து வாங்கினேன். உடையாமல் வந்தது, பேக்கிங்கில் குறையே இல்லை. ஆனால் அது 1751 சாடி இல்லை.

போனில் கேட்டதற்கு உங்கள் ஊழியர், "அடியிலேயே 51 என்று போட்டிருக்கே சார்" என்றார். அந்த 51 இங்கிலாந்தின் வூஸ்டர் பீங்கான் தொழிற்சாலை தொடங்கிய வருஷத்தைக் குறிப்பது, சாடி செய்த வருஷத்தை அல்ல. 1862இல் வந்த வட்ட முத்திரையின் நடுவில் அதைப் போட ஆரம்பித்தார்கள், அப்புறம் நூறாண்டு கழித்துச் செய்த தட்டிலும் அதே 51 இருக்கும். முத்திரையைச் சுற்றி 'ராயல் வூஸ்டர் இங்கிலாந்து' என்று எழுதியிருக்கிறதே, அதை யாருமே படிக்கவில்லையா? அந்த எழுத்துகள் 1891இல் சேர்ந்தவை. 1892 முதல் வருஷத்துக்கு ஒரு புள்ளி கூட்டிக்கொண்டே போனார்கள். என் சாடியில் ஒன்பது புள்ளிகள், அதாவது 1900. தொழிற்சாலைக்கு அரச அங்கீகாரமே மூன்றாம் ஜார்ஜ் காலத்தில் 1789இல்தான் கிடைத்தது, அப்படியிருக்க 1751 சாடியில் 'ராயல்' எப்படி வரும்?

முத்திரை போகட்டும், தந்த நிறத்தில் இளஞ்சிவப்பு படர்ந்து மேலே பூவும் தங்கக் கோடும் போட்ட இந்த வகை விக்டோரியா ராணியின் கடைசிக் காலத்தில் ஓகோவென்று விற்றது, ஆங்கிலப் பீங்கான் வியாபாரம் செய்கிறவர்களுக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்க வேண்டும். அழகான சாடிதான், மறுக்கவில்லை. 1900 என்று சொல்லி அதற்குரிய விலை கேட்டிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

சாடியோடு வந்த '18ஆம் நூற்றாண்டு மஹோகனி ஸ்டாண்டில்' ஸ்டார் ஸ்க்ரூ, அதாவது தலையில் கூட்டல் குறி போல வெட்டுள்ள திருகு, இருக்கிறது. அது 1930களில் வந்த சாமான். பிற்பாடு யாரோ பழுது பார்த்தபோது மாட்டியது என்றே வைத்துக்கொள்வோம், அதையாவது விவரத்தில் எழுதியிருக்கலாமே.

'பழம்பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்' என்று உங்கள் மின்னஞ்சல் சொல்கிறது. மனசு மாறித் திருப்பித் தருகிறவரிடம் அதைச் சொல்லுங்கள், நான் கேட்டது ஒன்று, நீங்கள் அனுப்பியது வேறு.

கூரியர் செலவு உட்பட முழுத் தொகையும் 15 நாட்களுக்குள் என் கணக்குக்கு வர வேண்டும், சாடியையும் ஸ்டாண்டையும் உங்கள் செலவில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன், முத்திரையின் படங்களும் உங்கள் விளம்பரப் பக்கத்தின் நகலும் கையில் இருக்கின்றன. இதே முத்திரையுள்ள இன்னொரு ஜாடியை இன்னும் 1751 என்றே விற்பனைக்கு வைத்திருக்கிறீர்கள், அதை முதலில் திருத்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்