பெரியோஸை வெளியே எடுத்த அந்த நாலாவது இன்னிங்ஸ்

அன்பு மகளுக்கு,

எங்கள் ரொறன்ரோ பேஸ்போல் அணி புளூ ஜேஸ் சியாட்டிலிடம் தோற்ற ஆட்டத்தைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். உன் கோவம் நியாயம்தான். ஆனால் யாரை எப்போது இறக்குவது என்று முடிவெடுக்கிற மனேஜர் ஷ்னைடரில் நீ பிழை பிடிக்கிற இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. பிட்சர் (பந்து எறிபவர்) லிட்டிலின் பந்தில் ஹோம் ரன் (எல்லைக்கு வெளியே போகிற அடி) போனது, ஆகவே லிட்டிலை அனுப்பினது பிழை என்கிறாய். ஹோம் ரன் பிறகு வந்தது. அனுப்புகிற நேரத்தில் மனேஜருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேணும்.

2023 அக்டோபர் 4, மினியாபோலிஸ். ரொறன்ரோ ரசிகர்களுக்கு இன்னும் ஆறாத ஆட்டம் அது. மினசோட்டா ட்வின்ஸுக்கு எதிராக ஜேஸின் தொடக்கப் பிட்சர் ஹொசே பெரியோஸ் மூன்று இன்னிங்ஸ் (ஒரு ஆட்டத்தில் ஒன்பது, ஒவ்வொன்றிலும் அணிக்கு மூன்று அவுட்) எறிந்து ஐந்து பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பு) ஆக்கியிருந்தார். ஓட்டம் ஒன்றும் கொடுக்கவில்லை. நாலாவது இன்னிங்ஸின் முதல் ஆளான ரோய்ஸ் லூயிஸுக்கு நாலு போல் (அடிக்கத் தகாத பந்து) போட்டு முதல் பேஸுக்கு (ஓட்டம் எடுக்கத் தொட்டுச் சுற்றிவர வேண்டிய இடங்களில் முதலாவது) நடக்க விட்டார். உடனே ஷ்னைடர் வந்து பந்தை வாங்கிக்கொண்டார். மொத்தம் 47 பந்துதான்.

திட்டம் இதுதான்: ட்வின்ஸிடம் இடக்கை பற்றர்கள் (மட்டையால் அடிப்பவர்கள்) அதிகம். இடக்கைப் பிட்சரின் வளைபந்து அவர்களுக்கு விலகிப் போகும், அடிக்கக் கஷ்டம். அதனால் இடக்கைப் பிட்சர் யூசே கிகுச்சியைக் கொண்டுவந்தால் எதிரணி அவர்களை இருத்திவிட்டு வலக்கை ஆட்களை இறக்கும். பிறகு வலக்கை ரிலீவர்களால் (இடையில் வந்து எறிகிற பிட்சர்கள்) அவர்களை அடக்கலாம். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரை மாதிரித் திரும்பக் கூப்பிட முடியாது. இங்கே ஆட்டத்தை விட்டு வெளியே போனவருக்கு அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. ஆகவே தாளில் பார்த்தால் முட்டாள்தனம் இல்லை.

பிழைத்தது எங்கே என்று கேட்டால், நான் மூன்று இடத்தைக் காட்டுவேன். ஒரே பிட்சரை மூன்றாவது தரம் பார்க்கும்போதுதான் பற்றர்கள் நன்றாக அடிப்பார்கள் என்ற பழைய கணக்கு இருக்கிறது. பெரியோஸை அவர்கள் இரண்டாவது தரம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து, கிகுச்சி சீசன் முழுக்க தொடக்கப் பிட்சர். பேஸில் ஆள் இல்லாமல் இன்னிங்ஸைத் தொடங்கிப் பழகியவரை, ஓடக் காத்திருக்கிற ஆளோடு நடு இன்னிங்ஸில் இறக்கினார்கள். மூன்றாவது, 2020 முதல் வந்த விதி: வருகிற ரிலீவர் குறைந்தது மூன்று பற்றர்களுக்கு எறிய வேணும், அல்லது இன்னிங்ஸை முடிக்க வேணும். ஆட்டம் கைவிட்டுப் போனாலும் உடனே மாற்ற முடியாது.

அப்படியேதான் போனது. மக்ஸ் கெப்லர் உள்வட்டத்திலேயே ஒரு ஹிட் (அடித்து பேஸைப் பிடிப்பது), டொனொவன் சொலானோவுக்கு நாலு போல், மூன்று பேஸும் நிரம்பியது. கார்லோஸ் கொரேயா ஹிட் அடித்து ஒரு ஓட்டம், பிறகு டபிள் பிளேயில் (ஒரே அடியில் இரண்டு அவுட்) இன்னொன்று. 2-0. அவ்வளவுதான் அன்றைய ஸ்கோர்.

எல்லாப் பழியையும் மனேஜரின் தலையில் கட்டாதே. அன்றைக்கு ஜேஸ் ஒன்பது ஹிட் அடித்து ஓட்டம் ஒன்றும் எடுக்கவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில், மூன்றாவது பேஸிலும் ஆள் நிற்கையில், இரண்டாவது பேஸில் நின்ற குரேரோ ஜூனியர் பேஸை விட்டு விலகிப் பிடிபட்டு அவுட்டானார். அதற்கு ஷ்னைடர் என்ன செய்வார்? ட்வின்ஸோடு ஆடிய அந்தத் தொடரின் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து ஜேஸ் எடுத்தது ஒரே ஒரு ஓட்டம்.

இனி உன் சியாட்டில் ஆட்டத்துக்கு வருவம். 2025 அக்டோபர் 17, எட்டாவது இன்னிங்ஸ், ஜேஸ் 2-1 முன்னிலை. சியாட்டிலுக்கு அடுத்து அடிக்க வருகிறவர்கள் கல் ராலி, பொலாங்கோ, நேய்லர்: அவர்களுடைய வரிசையின் நெஞ்சுப்பகுதி. ராலி அந்த சீசனில் 60 ஹோம் ரன் அடித்தவர், இரண்டு கையாலும் அடிப்பவர். இடக்கைப் பிட்சரை அனுப்பி அவரிடம் ஒன்றும் மிச்சம் பிடிக்க முடியாது. ஷ்னைடர் அனுப்பின இடக்கைப் பிட்சர் பிரெண்டன் லிட்டிலின் பலவீனம் நாலு போல் என்பதும் எல்லாருக்கும் தெரிந்தது. ராலி ஹோம் ரன் அடித்து ஸ்கோரைச் சமன் செய்த பிறகு லிட்டில் இரண்டு பேரை நடக்க விட்டார். அடுத்து வந்த பிட்சர் டொமிங்கெஸ் ஒருவரின் உடம்பில் எறிந்து பேஸை நிரப்ப, சுவாரெஸ் கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸும் நிரம்பியிருக்கையில் ஹோம் ரன், நாலு ஓட்டம்) அடித்தார். 6-2.

இங்கே நான் உன் பக்கம். கடைசியான ஒன்பதாவதுக்கென்று பிட்சர் ஹொஃப்மனைப் பொத்தி வைக்காமல் எட்டாவதிலேயே இறக்கியிருக்க வேணும். ஆட்டத்தின் மிகக் கடினமான மூன்று அவுட் அங்கேதான் இருந்தது. இதைச் சொல்ல ராலி அடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஜேஸ் அடுத்த இரண்டு ஆட்டத்தையும் வென்று உலகத் தொடருக்கு (பேஸ்போலின் இறுதித் தொடர்) போனதால் அந்த முடிவு சரியாகிவிடவும் இல்லை.

அடுத்த சீசனில் மனேஜர் பிட்சர் நிற்கிற மேட்டை நோக்கி நடக்கத் தொடங்கின உடனே மூன்றைக் குறித்து வை: அடுத்த மூன்று பற்றர்கள் யார், அவர்களுக்குப் பதிலாக பெஞ்சில் யார் இருக்கினம், எங்கள் புல்பென்னில் (மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கிற இடம்) யார் மிச்சம். புதுப் பிட்சர் சில பந்து எறிந்து கை சூடாக்குகிற நேரம் அதுக்குப் போதும். கோவம் வந்தால் அவர் முதல் பந்தை எறிய முதலே எனக்கு அனுப்பு. நானும் என்னுடையதை அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா