அண்ணனும் லேசரும்

அன்புள்ள முரளி,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத முடியவில்லை. இத்தனை நாள் எழுதாததற்கு நீ திட்டுவதை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள், இது அண்ணன் விஷயம்.

பைபாஸ் செய்த குழாய்கள் மறுபடி அடைத்துவிட்டன. இனி ஸ்டென்ட்டும் வைக்க முடியாதாம், குழாய்கள் அவ்வளவு மெலிந்து கிடக்கின்றன. சட்டைப் பொத்தான் போடும்போதே நெஞ்சைப் பிடிக்கிறது. பாதியில் உட்கார்ந்து நாக்குக்கடியில் மாத்திரையை வைத்துக்கொண்டு, மீதிப் பொத்தானுக்குக் காத்திருக்கிறார். டாக்டர் லேசர் என்று ஒன்றைச் சொன்னார். "நெஞ்சுல போர்வெல் போடறாங்களாம்டா, தண்ணி வருதான்னு பாப்போம்" என்கிறார் அண்ணன். திருந்துகிற ஆளா?

அதிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். இதயம் துடிக்கத் துடிக்க, இடது கீழறைச் சுவரில் வெளியிலிருந்து உள்வரை லேசரால் துளை போடுகிறார்கள். ஒவ்வொன்றும் சுமார் 1 மி.மீ. அகலம், 20 முதல் 40 துளைகள். விரலால் கொஞ்ச நேரம் அழுத்தினால் வெளிவாய் மூடிக்கொள்ளும், உள்ளறை ரத்தம் துளை வழியே நேராகத் தசைக்குப் போகும் என்பது கணக்கு. பாம்பு, முதலை மாதிரி ஊர்வனவற்றின் இதயத்தில் அப்படித்தான் பாய்கிறது என்று பார்த்து வந்த யோசனை. இந்தச் சிகிச்சைக்கு லேசர் வருவதற்கு முன்பே, 1965இல், பம்பாயில் பி.கே. சென் என்ற அறுவை சிகிச்சை டாக்டர் ஊசியால் குத்தியே இதை முயன்றிருக்கிறார் தெரியுமா! அமெரிக்காவில் லேசருக்கு அனுமதி கிடைத்தது 1998இல்தான்.

கூத்து என்னவென்றால், அந்தத் துளைகள் நிலைப்பதே இல்லை. பிறகு இறந்துபோனவர்களின் இதயத்தைப் பரிசோதித்தால் துளை இருந்த இடத்தில் தழும்புதான். ஆனாலும் வலி குறைந்திருக்கிறது! 1999இல் வந்த ஓர் ஆய்வில், மிகக் கடுமையான வலி இருந்தவர்களில், ஒரு வருடத்தில் வலி இரண்டு படியாவது இறங்கியவர்கள் (வலியை நான்கு படியாகப் பிரிக்கிறார்கள்) லேசர் பக்கம் 76 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 32. எப்படி என்றால், சுட்ட இடம் காயம்தானே, அதை ஆற்ற ஓடிவரும் செல்கள் வளர்ச்சிப் புரதங்களைச் சுரக்க, பக்கத்து நுண்குழாய்கள் கிளைவிட்டுத் தழும்பைச் சுற்றிப் புதுக்குழாய்கள் முளைக்கின்றன என்கிறார்கள். விலங்குகளின் இதயத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். வெறும் ஊசியால் குத்தினாலும் ஏறக்குறைய அதே முளைப்பு! அப்போது லேசருக்கு என்னடா பெருமை, எல்லாம் உடம்பே பார்க்கிற வேலை. இதைப் படித்த அன்று ராத்திரி உன்னை எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஆனால் குழாய் முளைக்க வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கோ வலி உடனே குறைந்துவிடுகிறது. நரம்பு நுனிகள் கருகிவிட்டதால் இருக்கலாம் என்று ஒரு தரப்பு. அப்படியானால் தசைக்கு ரத்தம் போதாமலே இருக்கும், அண்ணனுக்கு மட்டும் தெரியாது. எனக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான். அப்புறம், மார்பைத் திறக்காமல் தொடை வழியாகக் குழாய் விட்டுச் செய்கிற முறையில் 298 பேரை வைத்து ஓர் ஆய்வு, 2005இல் வெளிவந்தது. சிலருக்குச் செய்வது போலப் பாவனை மட்டும் செய்தார்கள், யாருக்கு எது என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. கடைசியில் இரண்டு தரப்புக்கும் வலி ஒரே மாதிரிதான் குறைந்திருந்தது, வித்தியாசமே இல்லை! 2009இல், எந்தச் சிகிச்சை செய்யலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு இந்தச் சிகிச்சையே வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

இதை அண்ணனிடம் சொன்னேன். "பாவனைக்கே வலி போகுதுன்னா, எனக்கு அதையே பண்ணச் சொல்லுடா, நெஞ்சைக் கிழிக்க வேணாம்ல" என்றார். சிரித்துவிட்டேன், ஆனால் அவர் ஆப்பரேஷனுக்குச் சரி என்று ஏற்கெனவே டாக்டரிடம் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தசையில் ரத்த ஓட்டம் கூடியதை ஸ்கேனில் காட்ட முடியுமா, இவருடைய பலவீனமான இதயம் அந்த ஆப்பரேஷனைத் தாங்குமா என்று டாக்டரிடம் கேட்கப் போகிறேன். அதுவரை அவசரப்பட வேண்டாம் என்று நீ அவரிடம் பேசு. என் பேச்சு எடுபடாது, உன்னிடம்தான் அடங்குவார். சைக்கிள் கதையை மட்டும் கிளறிவிடாதே, சிரித்தாலே வலிக்கிறது அவருக்கு.

உன்,
ரகு