கால்சட்டைப் பையில் வந்த வைரம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா துணிப்பையோடு என் அறைக்கு வந்தார். உள்ளே பதினோரு கூழாங்கல். "வாஷிங் மெஷினுக்குள்ள கடகடன்னு சத்தம் கேட்டு எடுத்ததுங்க. ஏனுங்க சார், பள்ளிக்கூடத்துல இதத்தான் சொல்லித் தர்றீங்களா?" என்றார். அமராவதிக் கரைக்கு வகுப்பைக் கூட்டிப் போனது நாங்கள்தான், அதனால் குற்றம் எங்களுடையது.

பையனோ அது வைரம் என்று சாதிக்கிறான். ஒரு கல்லை எடுத்துப் பழைய கண்ணாடித் துண்டில் கீறியும் காட்டினான், கோடு விழுந்தது. கெட்டிக்காரன்தான், ஆனால் அது வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். கல்லின் கடினத்துக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போடும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி ஏறக்குறைய ஐந்தரை, வெங்கச்சங்கல் 7, வைரம் 10. அதனால் இரண்டுமே கண்ணாடியைக் கீறும். தோட்டத்தில் மம்பட்டிக்கு இடறும் சுக்கான்கல், அதாவது சுண்ணாம்புக்கல், கீறாது, அதைச் சுரண்டி அந்தப் பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் குமிழி கிளம்பும். வெங்கச்சங்கல்லில் ஒன்றும் நடக்காது.

பதினொன்றில் ஒன்று வாத்து முட்டை அளவு. காய்ந்திருக்கும்போது உப்புப் பூத்தது போல மங்கல், லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேலெல்லாம் நகம் பதிந்த மாதிரிக் குட்டிக் குட்டிப் பிறைகள், ஆற்றில் மற்ற கற்களோடு மோதி மோதி வாங்கிய அடி அத்தனையும். நனைத்து, பின்னால் செல்போன் டார்ச் அடித்தால் ஓரமெல்லாம் ஒளிர்கிறது. உள்ளே ஓடும் செம்பழுப்புக் கோடு இரும்புத் துரு. பாறையில் இதோடு இருந்த மற்றதெல்லாம் மக்கி மண்ணாகிவிட, இது மட்டும் உருண்டு வந்திருக்கிறது.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு இரண்டு வெங்கச்சங்கல்லை அழுத்தி உரசச் சொல்லுங்கள், உள்ளுக்குள் வெளிச்சம் மின்னும், கருகல் வாசமும் வரும். உரசினால் போதும், சுத்தியல் வேண்டாம். அதன் சில்லு உடைந்த பாட்டில் மாதிரிக் கிழிக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து.

அப்புறம், நொய்யல் கரைக் கொடுமணலில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இதே வகைக் கல்லில் மாலையில் கோக்கும் மணி செய்திருக்கிறார்கள். பதிற்றுப்பத்திலேயே அந்த ஊர் கொடுமணம் என்று வருகிறது. அங்கே போனால் பிள்ளைகள் பார்க்கட்டும், ஆனால் ஒரு கல்லைக்கூட எடுக்க வேண்டாம், அது அகழாய்வு நடந்த இடம்.

வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒரு கல், ஒன்றே ஒன்று, எங்கே எடுத்தது என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். துணி துவைக்கப் போடும் முன் பாக்கெட்டையும் ஒரு தடவை தடவிப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்