விதைச் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு நான்கு முறை கூடியது. ஆடிப்பட்டத்துக்கும் தைப்பட்டத்துக்கும், உறுப்பினர்கள் விதை வாங்கிப்போய் மறு ஆண்டு விளைந்த விதையைத் திருப்பித் தரும் விதைப் பகிர்வு நாள் நடத்தினோம். பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது.

சுரை விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடியில் குடுவைச் சுரை விதை வாங்கிப்போன சிலர், காய் நீளமாகவும் கோணலாகவும் காய்த்ததாகக் குறைபட்டார்கள். அந்த விதை முந்தைய ஆண்டு ஓர் உறுப்பினர் திருப்பித் தந்தது. அவர் கொல்லையில் நீட்டுச் சுரையும் ஒரே பந்தலில் ஏறியிருந்தது. அவர் மேல் தப்பில்லை. பூவில் வேறு சுரையின் மகரந்தம் கலந்தாலும் அந்த வருஷக் காய் தாய்க்கொடியின் உருவத்திலேதான் இருக்கும். அதன் விதையை ஊன்றிக் காய்க்கும்போதுதான் கலப்பு வெளியே தெரியும். தக்காளிக்கு இந்தத் தொல்லை குறைவு, அது பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். சுரையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. நம் தெருக்களில் கொடிக்குக் கொடி நூறு அடிகூட இடைவெளி கிடையாது.

அதனால்தான் கைமகரந்தச் சேர்க்கையை என் வீட்டுப் பந்தலில் ஆரம்பித்தேன். அதற்காகப் பூவுக்குக் கட்டும் துணிப்பை தைத்த செலவு தேவைதானா என்று செயற்குழுவில் கேட்டார்கள். என் பதில் இதுதான். சுரைப்பூ அந்தியில் விரியும், இரவில் விட்டில்கள் வந்து மகரந்தத்தைக் கலந்துவிடும். ஆகவே நாலு மணிக்கே அன்றைக்கு விரியப்போகும் ஆண், பெண் மொட்டுகளுக்குப் பை கட்டிவிட வேண்டும். விரிந்ததும் வேறொரு குடுவைக் கொடியின் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பிஞ்சோடு இருக்கும் பெண் பூவின் சூல்முடியில் தடவி, மறுபடி பை கட்டி, காம்பில் சிவப்பு நூல் சுற்றினேன். 14 பூவில் 9 பிடித்தன. கொடிக்குப் பாரமாகாமல் 5 காயை மட்டும் முற்றவிட்டேன். ஆட்டினால் விதை கலகலக்கும்வரை திண்ணையில் தொங்கின. ஈரச் சாக்கில் 50 விதை சுருட்டிப் பார்த்ததில் 43 முளைத்தன. அந்தப் பைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், அடுத்த ஆண்டுக்கும் ஆகும்.

இனி வருத்தமான செய்தி: வாங்கிய விதையைப் பலர் திருப்பித் தரவில்லை. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில், பாரம்பரிய நெல் வகைகளை மீட்ட நெல் ஜெயராமன் 2 கிலோ விதைநெல் கொடுத்து மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டார். அதைப் பார்த்துத்தான் நாமும் ஒன்றுக்கு இரண்டு என்று வைத்தோம். இந்த ஆண்டு விதை வாங்கியவர்கள் 31 பேர், திருப்பித் தந்தவர்கள் 11 பேர். மழையில் போயிற்று என்றவர்களின் கஷ்டம் புரிகிறது. ஆனால் எல்லாக் காயையும் குழம்புக்குப் பறித்துவிட்டோம் என்பதை எப்படி ஏற்பது? நல்ல கொடியில் ஒரே ஒரு காயை விட்டுவைத்தால் போதுமே. பகிர்வு நாளில் வரிசையில் முதலில் நின்ற சிலரை அதன்பின் எந்தக் கூட்டத்திலும் பார்க்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். புட்டி, நூல், தேநீர்ச் செலவெல்லாம் போகக் கையிருப்பு கொஞ்சம் இருக்கிறது. சந்தா பாக்கி வந்தால் விதை வைக்க ஒரு அலமாரி வாங்கலாம். கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும் தேநீர் கொடுத்த சகோதரிகளுக்கும் நன்றி.

வரும் ஆண்டு பீர்க்கும் பூசணியும் சேர்கின்றன. பூசணிப்பூ விடிகாலையில் விரியும், சுரையும் பீர்க்கும் அந்தியில். இரண்டு வேளையும் ஒருவரால் முடியாது. செயலாளர் பொறுப்பில் நான் தொடர்வதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். யார் வந்தாலும் பை கட்ட நாலு பேராவது வேண்டும். பெயர் எழுதும் நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. பாக்கி விதையை ஆனி முடிவதற்குள் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்