200-வது முறை

பாபநாசம்
ஐப்பசி 24

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் கூப்பிட்டால் "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய். கடுதாசி என்றால் நடுவில் வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி வெகுநேரம் முழிக்காதே.

மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. குடமுருட்டியில் கரை முட்டத் தண்ணீர். சம்பா நட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, மேற்கே உள்ள வயலில் பயிர் தலை மட்டும்தான் தெரிகிறது. வடிந்தால் பிழைக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். தீபாவளிக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றதும், சுட்ட அதிரசத்தை ஒரு டப்பாவில் தனியாக எடுத்து வைத்தாள். இன்னும் அப்படியே இருக்கிறது.

கப்பல்கார மாமாவின் பதினாறாம் நாளுக்காவது வருவாய் என்று நினைத்தேன். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்த மனுஷன். மருமகள் மட்டும் குட்டியோடு வந்து தலை காட்டிவிட்டுப் போனாள். திருவாரூர் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. குட்டிதான் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, எங்க புது ஸ்கூல் ஜன்னல்லேர்ந்து பாத்தா கமலாலயம் தெரியும்" என்றான். பெரிய குளம்தான் என்றேன். வேறென்ன சொல்வது?

மாமா மகள் வீட்டை ஒழித்தபோது, இது உங்களுக்குத்தான் சேரும் என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். எந்தப் பெட்டி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாள் திறக்காமல் வைத்திருந்தேன். நாலாம் நாள் மத்தியானம் அம்மா தூங்கியதும் திறந்தேன். அந்த வாசனை அப்படியே இருக்கிறது தம்பி. அட்டையும் அச்சு மையும் மாமாவின் பீடிப் புகையும் கலந்த வாசனை.

'வார் இன் யூரோப்.' இரண்டாம் உலக யுத்தத்தை வரைபடத்தில் அட்டைச் சில்லு நகர்த்தி ஆடுகிற ஆட்டம். 1981-ல் நியூயார்க் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது மாமா வாங்கியது. எஸ்.பி.ஐ. என்ற கம்பெனி போட்டது. ஒன்பது வரைபடத் தாள், 3,600 அட்டைச் சில்லு. அடுத்த வருஷமே அந்தக் கம்பெனி முழுகிப்போய், வேறொரு கம்பெனி கைக்குப் போய்விட்டது. ஒரு சில்லு தொலைந்தால் திரும்ப வாங்க வழியில்லை. அதனால்தான் ஆட்டம் விரித்திருந்த நம் மாடி ஹாலுக்குள் யாரையும் காற்சட்டைப் பையில் கைவிட்டபடி நடக்க விடமாட்டார்.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். சொன்னால்தான் எனக்கு ஆறும். 1993 ஆனியில் ஆரம்பித்தோம். சனிக்கிழமை ராத்திரி ஒரு முறை, ஞாயிறு ஒரு முறை. ஆட்டத்தில் ஒரு முறை என்றால் யுத்தத்தில் ஒரு வாரம். முறை என்ற பேரை வைத்ததே நான்தான். ஆபீசில் நாளெல்லாம் முறைப்பாசனக் கணக்கு எழுதியவனுக்கு வேறு எந்தச் சொல் வாயில் வரும்? எனக்கு ஜெர்மனி, மாமாவுக்கு ரஷ்யா, கணக்கு வாத்தியாருக்கு இங்கிலாந்தும் அப்புறம் அமெரிக்காவும், உரக்கடை சித்தப்பாவுக்கு இத்தாலி. பொங்கல், தேர்தல் டியூட்டி என்று ஒரு வாரம் விட்டுப்போனால் அடுத்த வாரம் சேர்த்து ஆடுவோம். விடியற்காலை பால்காரர் மணி அடிக்கும்போதுதான் எழுந்து கையைக் காலை நீட்டுவோம்.

அது விளையாட்டு மட்டும்தானா என்று அம்மா அப்போது கேட்பாள். எனக்கு அது படிப்பு தம்பி. பத்தாவதோடு நின்றவன் நான். தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள் ஏன் போட்டிருக்கிறார்கள் என்று வாத்தியார் ஒரு ராத்திரி முழுக்க விளக்கினார். சதுரக் கட்டத்தில் மூலைவாட்டில் போனால் தூரம் ஒன்றரைப் பங்குக்குக் கிட்டே கூடிவிடும், அறுகோணத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே தூரம். இது இத்தனை வருஷம் ஏன் எனக்குத் தெரியாமல் போயிற்று என்று அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

1941 ஜூன் 22-ல் ஜெர்மன்காரன் ரஷ்யாவுக்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் குதிரைகளோடு போனான். டாங்கி டாங்கி என்கிறார்களே, சாப்பாடும் பீரங்கியும் பெரும்பாலும் குதிரை இழுத்துத்தான் போனது. ரயிலில் அனுப்பலாம் என்றால் ரஷ்யாவின் தண்டவாளம் அகலம் கூடியது, ஜெர்மன் வண்டி அதில் ஓடாது. மைல் மைலாகத் தண்டவாளத்தை நெருக்கிப் போட்டுக்கொண்டே போக வேண்டும். மற்றவர்களுக்கு அது விதிப்புத்தகத்தில் ஒரு பத்தி. நமக்கு அப்படியா? மீட்டர் கேஜை அகலப் பாதையாக்குகிறோம் என்று நம் லைனில் வண்டியை நிறுத்திப் போட்ட காலத்தில், கும்பகோணம் போக பஸ்ஸில் நின்றுகொண்டே போனோமே, அப்போதெல்லாம் எனக்கு ரஷ்யாவின் ஸ்மோலன்ஸ்க் ஞாபகம்தான்.

சேறும் அப்படித்தான். அக்டோபரில் ரஷ்யாவில் மழை விழுந்தால் ஆட்டத்தில் நகர்கிற தூரம் வெகுவாகக் குறைந்துவிடும். இதென்ன அநியாயம் என்று உரக்கடை சித்தப்பா சண்டைக்கு வந்தார். நான் அவரை ஜன்னலுக்குக் கூட்டிப்போய் வெளியே காட்டினேன். ஐப்பசி அடைமழையில் களிமண் வயலில் அச்சு வரை முழுகின டிராக்டர் ஒன்று நின்றது. அதற்கப்புறம் அவர் வாயே திறக்கவில்லை. தண்ணீர் மேட்டூரில் எவ்வளவு இருந்தாலும் கடைமடைக்கு வந்து சேர்ந்தால்தான் கணக்கு என்பது என் உத்தியோகம் எனக்குச் சொன்னது. மாஸ்கோ வாசலில் நின்ற என் படைக்கும் அதே கதைதான். கடைமடை காய்ந்துவிட்டது.

வட ஆப்பிரிக்க யுத்தத்துக்கு இதைவிட நீண்ட ஆட்டம் ஒன்று 1979-ல் வந்தது என்று மாமா சொல்வார். பத்துப் பேர் வேண்டும், முடிக்க 1,500 மணி நேரம். இத்தாலிப் படைக்கு பாஸ்தா வேகவைக்கத் தனியாகத் தண்ணீர் ஒதுக்க வேண்டும் என்று அதில் ஒரு விதியே உண்டாம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த விதியை எழுதினவர்மேல் பெரிய மரியாதை வந்தது. பாலைவனத்தில் எவனுக்கு எவ்வளவு தண்ணீர் என்று யோசித்திருக்கிறார் பார்.

அப்பாயிக்குத்தான் பிடிக்கவே இல்லை. அவள் அண்ணன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போய், ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப்போய்த் திரும்பி வராதவர். ஒருநாள் காபி கொண்டுவந்தவள் ஒரு சில்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதுல எத்தனை பேருடா?" என்றாள். ஒரு டிவிஷன், பத்துப் பதினைந்தாயிரம் பேர் இருக்கும் என்றேன். அரை அங்குலம்தான் இருக்கும் அது. இரண்டு கையாலும் ஏந்தி, எடுத்த கட்டத்திலேயே திரும்ப வைத்துவிட்டுக் கீழே போனாள். அதற்கப்புறம் மாடிக்கு வரவில்லை.

நீ வருவாய். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நிற்பாய். எட்டு வயசில் நீ, அடிக்கிற படையின் பலம் பதினேழு, தடுக்கிற படைக்கு ஆறு என்றால் "ரெண்டுக்கு ஒண்ணு, மிச்சம் தள்ளுபடி" என்று வாத்தியாருக்கு முன்னால் சொல்வாய். மூன்றுக்கு ஒன்று இல்லாமல் அடிக்காதீங்கப்பா என்று எனக்கே புத்தி சொல்வாய். வாத்தியார் அப்போதே சொன்னார், இவன் பெரிய படிப்புப் படிப்பான் என்று. படித்தாய். இந்தத் தெருவில் உன்னைப்போல வந்தவன் யார்? பெங்களூரில் உன் கீழே இத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் பெற்றவர்களுக்கு ஒரு போன் பண்ண மாட்டேன் என்கிறாய். ஓட்டலில் சாப்பிடுகிறாயா, நீயே பொங்கிக்கொள்கிறாயா, அதையாவது சொல்லலாம். உடம்பு இளைத்திருக்கிறாயா? வேளாவேளைக்குச் சாப்பிடு.

சரி. எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

1995 மே மாதம், அக்னி நட்சத்திரம். 200 முறை முடிந்திருந்தது. ஆட்டத்தில் 1943 ஜூலை முதல் வாரம் பிறக்கிறது. ரஷ்யாவில் பெரிய டாங்கி யுத்தம் நடந்த குர்ஸ்க். இரண்டு மாதமாகவே மாமா என்னை நெருக்கிக்கொண்டிருந்தார். பெட்டியில் எனக்குப் புதுச் சில்லு இல்லை. அந்த ஞாயிறு ஆட்டம் முடிந்து எல்லோரும் போனபின் நான் தனியாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். இன்னும் மூன்று முறை, அதிகம் போனால் நாலு. தெற்கே என் படை முழுதும் சுற்றி வளைக்கப்பட்டுவிடும். மாமாவை ஆவணிக்குள் முடித்துவிடுவேன் என்று டீக்கடையில் எல்லோரிடமும் சவால் விட்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை கரண்டு போயிற்று. புழுக்கம் தாங்காமல் நீ மாடிக்குப் போய், ஹால் ஃபேன் சுவிட்சைப் போட்டுப் பார்த்திருக்கிறாய். கரண்டு இல்லை, சுவிட்சை அணைக்க மறந்து இறங்கிவிட்டாய். குழந்தைதானே. ராத்திரி கரண்டு வந்ததும் மேலே சடசடவென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், நெல் தூற்றும்போது பதர் பறக்கிற மாதிரி இரண்டு வருஷம் பறந்துகொண்டிருந்தது. நான் உன்னை அடித்தேன். கன்னத்தில். சத்தம் கேட்டு வந்த வாத்தியார் முன்னால்.

அடுத்த ஒரு வாரம் நீ பீரோவுக்கு அடியில், ஜன்னல் இடுக்கில், மாடிப்படியில் எல்லாம் தவழ்ந்து பொறுக்கினாய். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு எண்ணி எண்ணி வந்து சொல்வாய். கடைசியில் ஒருநாள், "எல்லாமே கெடச்சிருச்சுப்பா, பழைய எடத்துலயே வச்சிரலாமா?" என்று கேட்டாய். எது எங்கே இருந்தது என்று யாருக்குடா தெரியும் என்று நான் சொன்னேன்.

எனக்குத் தெரியும் தம்பி. ஒவ்வொரு கட்டத்துக்கும் நாலு இலக்க எண் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் எல்லோரும் போனபின், ஆபீசில் ஆற்று மட்டம் எழுதுகிற மாதிரி, எந்தச் சில்லு எந்தக் கட்டத்தில் என்று நான் நோட்டில் எழுதி வைப்பேன். என்னை அறியாத பழக்கம். 200-வது முறை வரைக்கும் இருக்கிறது. நீ பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றபோது அந்த நோட்டு இரும்புப் பெட்டியில் என் வேட்டிக்கு அடியில் இருந்தது. மாமா கேட்டபோதும் இல்லை என்றேன். தோற்கப்போவதை நாலு பேர் பார்ப்பதைவிட, பிள்ளை கெடுத்துவிட்டான் என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

அதற்கப்புறம் அவர்கள் வரவில்லை. சனிக்கிழமை வந்தால் நீ மாடிப்பக்கமே போகமாட்டாய். உன் கல்யாணத்தில்கூட மாமா காலில் விழுந்து எழுந்து, "நான்தானே மாமா உங்க ஆட்டத்தக் கெடுத்தேன்" என்றாய். அவர் சிரித்தார். நான் பக்கத்தில் நின்றேன், வாய் திறக்கவில்லை. அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை அவர் வீட்டு வாசல்வரை போயிருக்கிறேன். கடைசியாகப் புரட்டாசியில் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன். நீ எதையும் கெடுக்கவில்லை.

இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. திருவாரூர் விஷயமும் அவளுக்கு இன்னும் தெரியாது, நான் சொல்லவில்லை. நீயாகச் சொல்லும்வரை யாரிடமும் சொல்லமாட்டேன். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, வா. வேலை இருக்கிறதோ இல்லையோ, கையில் பணம் இருக்கிறதோ இல்லையோ, வா. மைசூர் வண்டியில் ஏறினால் விடியற்காலை தஞ்சாவூர். நான் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன், எந்த நாளென்று மட்டும் சொல்.

மாடி ஹாலைப் பெருக்கித் துடைத்து ஒன்பது தாளையும் விரித்துவிட்டேன். ஓரம் சுருள்கிறது, நாலு மூலைக்கும் பித்தளைப் படி வைத்திருக்கிறேன். நோட்டைப் பார்த்துத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கிறேன். நேற்றோடு 1,140 சில்லு ஆயிற்று. கண் சரியாகத் தெரியவில்லை, எண்ணெல்லாம் பொடியாக இருக்கிறது. லெனின்கிராடிலிருந்து ஆரம்பித்து ஓரெல் பக்கம் வந்திருக்கிறேன். ஃபேன் சுவிட்சுக்கு மேலே டேப் ஒட்டவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

சாப்பிடு.

அன்புடன்,
அப்பா